தீவுல படகு விட்டா காசு கொட்டுமாம்!

"முதலீடு இருபது லட்சம், மூணே வருஷத்துல போட்ட முதல் திரும்பிடும், அப்புறம் வர்றதெல்லாம் லாபம்!"

தொழில்முனைவோர் கருத்தரங்குகளுக்குப் போகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். சமீபகாலமாக இதோடு ஒரு படமும் வருகிறது. திரையின் ஒரு பக்கம் மாலத்தீவு, இன்னொரு பக்கம் பாலித் தீவு, நடுவில் நம்ம ராமேஸ்வரம். "அங்க இருக்கிற அதே கடல்தான் இங்கயும் இருக்கு, நமக்குத்தான் பயன்படுத்தத் தெரியல" என்று பேச்சாளர் முடிப்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

கைதட்டியவர்களில் என் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டே போட்டுவிட்டார்கள். ஜெட் ஸ்கி, பனானா ரைடு, கயாக்கிங், ஸ்கூபா எல்லாம் வரிசையாக இருக்கிறது. எக்செல் ஷீட்டில் வருமானக் கட்டத்தைப் பார்த்தேன். வேலை நாட்கள்: 365.

அந்த 365தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் படகு என்றால் மலைமேல் இருக்கிற வாசலூர்பட்டி படகு இல்லம். அதைக் கடலில் சேர்க்க முடியாது :-) ஆனால் நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித்தராமலே தெரியும். லாரி நிக்கலாம், தவணை நிக்காது. ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் லாரிக் கணக்கோ ரிக் வண்டிக் கணக்கோ ஓடிக்கொண்டிருக்கும். லோடு கிடைக்காமல் வண்டி ஷெட்டில் நிற்கிற நாளில் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தீவில் படகு விடுகிற தொழிலைப் புரிந்துகொள்ள அந்த ஞானம் போதும்.

என் கட்சி இதுதான். ராமேஸ்வரம் தீவில் நீர் விளையாட்டுத் தொழிலுக்குப் படகு வாங்குவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகு வருகிற நாட்களில் இருக்கிறது. அந்த நாட்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு வெளியூர் பி.காம். பட்டதாரி முதலாளியாகப் போய் இறங்குவது நஷ்டக் கணக்கு. அது மட்டுமில்லை, ஆபத்தான கணக்கும்கூட.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கஸ்டமர் யாரு?

"ராமேஸ்வரத்துக்கு எவ்வளவு கூட்டம் வருது தெரியுமா?" என்பதுதான் பேச்சாளர்களின் முதல் அஸ்திரம். வருகிறது, மறுக்கவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதே ஆண்டு அப்துல் கலாம் நினைவிடம் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலமும் வந்துவிட்டது. கூட்டம் இன்னும் கூடும்.

ஆனால் கூட்டம் வேறு, கஸ்டமர் வேறு. மார்க்கெட்டிங் பேப்பரில் முதல் பாடமே இதுதானே.

மாலத்தீவில் 1972இலிருந்து சுற்றுலா நடக்கிறது. பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். அங்கே இறங்குகிறவர் கடலுக்காகவே விமானம் ஏறி வந்தவர். நாலைந்து நாளாவது தங்குவார். ஒரு நாள் காற்று அடித்தால் மறுநாள் தண்ணீரில் இறங்குவார்.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர் யார்? அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியோடு தரிசனம் முடித்து, தனுஷ்கோடியை எட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிறவர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அலைமோதுகிற ஜனம் பித்ரு காரியத்துக்கு வருகிறது. அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டுக் கண் கலங்கி நிற்கிறவரிடம் போய், "சார், பனானா ரைடு போறீங்களா, ஃபேமிலி பேக்கேஜ் இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள். வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

கடலுக்காகவே வருகிற ஆட்களும் உண்டு. கைட் சர்ஃபிங் பழக வெளிநாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். பள்ளி விடுமுறைக்கு வருகிற குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் அது மொத்தக் கூட்டத்தில் ஒரு துளி. அந்தத் துளியை நம்பித் தொழில் செய்யலாம். மொத்தக் கூட்டத்தையும் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பெருக்கித் திட்ட அறிக்கை எழுதினால் அது கதை.

இந்தக் கடல் யாருடையது?

பாம்பன் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று சாது, இன்னொன்று முரடு. எது எப்போது சாது என்பது காற்றைப் பொறுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பவளப்பாறை, ஸ்நார்க்லிங், ஆளில்லாத் தீவு என்று விளம்பரத்தில் போட ஆசைப்படுகிற எல்லாமே தென்கடலில்தான் இருக்கிறது. அந்தத் தென்கடலில்தான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கிறது. 1986இல் அறிவிக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அனுமதியில்லாமல் உள்ளே போனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். குருசடைத் தீவைப் பார்க்க வேண்டுமென்றால் வனத்துறை வைத்தால்தான் உண்டு. தனியார் படகை ஓட்டிக்கொண்டு போய் நங்கூரம் போட அது யார் வீட்டுக் கொல்லைப்புறமும் அல்ல.

இந்தக் கெடுபிடி அதிகாரிகளின் வீம்பு என்று நினைக்காதீர்கள். அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளப்பாறைகள் வெளுத்துப் போயின. இதற்குமேல் அதன் தலையில் படகு நங்கூரத்தையும் போட வேண்டுமா?

சரி, வடகடலுக்குப் போவோம் என்றால் அங்கே வேறு தலைவலி. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். நடுவில் சர்வதேச எல்லைக்கோடு. காலம் காலமாக அந்தக் கடலில் மீன் பிடித்தவர்களே எல்லை தாண்டினார்கள் என்று கைதாகிற இடம் அது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், ஊருக்குள் கடலோரக் காவல் போலீஸ். அங்கே போய், "சும்மா ஜாலிக்கு ஜெட் ஸ்கி ஓட்டப் போறோம் சார்" என்று சொன்னால் உங்கள் ஜாதகத்தையே கேட்பார்கள். கேட்க வேண்டியதும் அவர்கள் கடமை.

இதுபோக, கரையில் ஒரு கொட்டகை போடக்கூடக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைத் தாண்ட வேண்டும். படகுத்துறைக்குக் கடல்சார் வாரியம், கரைக்கு வருவாய்த்துறை, மீன்வளத்துறை, உள்ளாட்சி என்று அலைய வேண்டும். ரிப்போர்ட்டில் "அனுமதிகள்: ஒரு மாதம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்த என் நண்பருக்கு ஒரு கும்பிடு. அனுமதி வருவதற்குள் வாங்கிப்போட்ட இன்ஜினுக்கு ஆறு தவணை கட்டியிருப்பார்.

வருஷத்துக்கு எத்தனை நாள்?

இப்போது காற்றுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று வீசுகிற அந்த மாதங்களில் சாதுவான வடகடலுக்கே பேய் பிடிக்கும். வைகாசியிலிருந்து கச்சான் காற்றும் சோழகக் காற்றும் கிளம்பினால் தென்கடல் கொந்தளிக்கும். நடுவில் வங்கக்கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானாலும் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடும். 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடி என்ற ஊரே போன இடம் இது. கூண்டு ஏறிய பிறகு யாரும் வாதாட மாட்டார்கள்.

"ஒரு கடல் பொங்கினால் இன்னொரு கடலுக்குப் போகலாமே?" என்று புத்திசாலி நண்பர் ஒருவர் கேட்டார். போகலாம். இரண்டு கரையிலும் அனுமதி, இரண்டு கரையிலும் இடம், படகை ஏற்றி இறக்க ஆள், டிராக்டர். நிலைச் செலவு கூடுகிறது, நாட்களும் கொஞ்சம் கூடும். காற்றே முதலாக இருக்கிற கைட் சர்ஃபிங்குக்கு இந்த இரண்டு கடல் வசதி வரப்பிரசாதம். குழந்தை குட்டியோடு வருகிற குடும்பத்தைப் படகில் ஏற்றுகிறவருக்கு அப்படியல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான். யாரும் இதை வைத்துக் கடை திறந்துவிட வேண்டாம்.

கடன் 15 லட்சம், வட்டி 12 சதவீதம், ஐந்து வருடம். தவணை வருடத்துக்குச் சுமார் 4 லட்சம். படகோட்டி இரண்டு, உயிர்காப்பாளர் இரண்டு, டிக்கெட் கொடுக்க ஒருவர் என ஐந்து பேருக்குத் தலைக்கு 18,000 சம்பளம். அது வருடத்துக்கு 10.8 லட்சம். வாடகை, இன்சூரன்ஸ், பராமரிப்பு 3.2 லட்சம். ஆக மொத்தம் 18 லட்சம் எப்படியும் வெளியே போக வேண்டும். (தவணையில் அசலும் இருக்கிறது, அதை எப்படிச் செலவில் சேர்த்தாய் என்று காஸ்டிங் வாத்தியார் அடிக்க வருவார். ரொக்கம் வெளியே போகிறதா இல்லையா சார்?)

டிக்கெட் 500 ரூபாய். பெட்ரோல், வரி, ஆள் பிடித்துக் கொடுப்பவர் கமிஷன் எல்லாம் 200. கையில் நிற்பது 300. பதினெட்டு லட்சத்தை 300ஆல் வகுத்தால் 6,000 டிக்கெட். இதுதான் நஷ்டமில்லாமல் மூச்சுவிடுகிற இடம்.

365 நாள் என்றால் நாளுக்குப் பதினேழு பேர் கூட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் போலத்தான் தெரியும். 180 நாள் என்று வைத்தால் நாளுக்கு 33 பேர். அதுவும் எல்லா நாளும் ஒரே மாதிரி வருமா? பாதி வியாபாரம் ஐம்பது விடுமுறை நாளில் நடக்கும் என்று கொள்வோம். அந்த நாட்களில் 60 பேர். மீதி 130 நாட்களில், செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் சேர்த்து, 23 பேர் வந்தாக வேண்டும். வருவார்களா?

இன்னொரு செலவு யார் ரிப்போர்ட்டிலும் இல்லை. உப்பு. கடலில் போய்வந்த அவுட்போர்டு இன்ஜினை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அரித்துவிடும். லாரி டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். உப்பு உள்ளே இருந்து தின்னும். குடிக்கவே காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிற தீவில், இன்ஜின் கழுவ நல்ல தண்ணீர் எங்கிருந்து, என்ன விலைக்கு வரும்?

முத்ரா கடன் வரம்பு 20 லட்சமாகிவிட்டது என்று மேடையில் சொல்கிறார்கள். 2024இல் உயர்ந்தது உண்மைதான். ஆனால் பத்து லட்சத்துக்கு மேலே உள்ள அந்தத் தொகை ஏற்கெனவே தருண் பிரிவில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு. நேற்று டிகிரி வாங்கியவருக்கு அல்ல. பேச்சாளர் அந்த வரியை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறார்.

உயிர் என்ற கணக்குத் தலைப்பு

இதுவரை காசு. இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

செவ்வாய்க்கிழமை ஆள் இல்லை. அடுத்த வாரம் கூண்டு ஏறிவிட்டது. தவணை தேதி நெருங்குகிறது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் விடுமுறையின் கடைசி நாள், கரையில் 150 பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆறு பேர் படகில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? இருட்டுவதற்குள் எத்தனை நடை அடிப்பீர்கள்? "நான் ஆறுதான் ஏத்துவேன்" என்று இப்போது எல்லோரும் சொல்வோம். பதினெட்டு லட்சம் கழுத்தில் தொங்கும்போது சொல்வோமா?

2009 செப்டம்பர் 30, தேக்கடி. யானை பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் சாய, படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது அரசு நிறுவனத்தின் படகு. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உல்லாசமாகப் போன குடும்பம். படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7, கேரளத்தின் தானூர். மீன்பிடிப் படகை மாற்றியமைத்த சுற்றுலாப் படகு, அளவுக்கு மீறிய கூட்டம், பொழுது சாய்ந்த நேரம், மறுபடி 22 பேர். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

ஒவ்வொரு தடவையும் "விதி மீறல்", "அலட்சியம்" என்று எழுதுகிறார்கள். விதியை மீறியவர்கள் பொறுப்பாளிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் வணிகவியல் படிக்கிற நாம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க நிலைச் செலவு ஓடி, வருமானம் மட்டும் ஐம்பது நாளில் வருகிற தொழிலில், கூட்டத்தை அள்ளி ஏற்றச் சொல்லும் அழுத்தம் கணக்குப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 365 என்று எழுதுகிற கைக்கு அது தெரியாது.

"கஸ்டமரிடம் 'எங்கள் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனையும் கேட்டேன். அந்தக் காகிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். சேவைக் குறைபாட்டுக்கும் நியாயமற்ற ஒப்பந்தத்துக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அலட்சியத்தால் உயிர் போனால் கிரிமினல் வழக்கு வேறு. கையெழுத்து லைஃப் ஜாக்கெட் ஆகாது.

"அந்தமான்ல நடக்குதே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நடக்கிறது. அங்கே ஹேவ்லாக்குக்கு (2018 முதல் ஸ்வராஜ் தீவு) போகிறவர் கடலுக்கென்றே காசு சேர்த்துப் போகிறவர். இறங்குவதற்கு முன்னால் பயிற்சி பெற்ற ஆசான் கையைப் பிடித்து மூச்சுவிடச் சொல்லித் தருகிறார். பல வருட அனுபவம் அந்தக் கரையில் சேர்ந்திருக்கிறது. அதை ஒரு செமஸ்டரில் நகலெடுக்க முடியாது.

லட்சத்தீவா? 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு ஒரு வாரம் எல்லோரும் லட்சத்தீவு நிபுணர்கள் ஆனோம். உள்ளே போகவே நுழைவு அனுமதி வேண்டும் என்பது அப்புறம்தான் பலருக்குத் தெரிந்தது.

வெற்றி பெற்ற தீவுகளின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிலிப்பைன்ஸின் போராகாய் தீவை, கழிவுநீர் கடலில் கலக்கிறது என்று 2018 ஏப்ரலில் அரசே ஆறு மாதம் மூடிவிட்டது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் பவளப்பாறை நாசமாகி 2018 ஜூனில் மூடினார்கள், திறந்தது 2022 ஜனவரியில். நம் பக்கத்திலேயே, திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. ஸ்நார்க்லிங் கூட்டத்தின் காலடியில் அங்கே பவளம் நொறுங்குவது பெரிய கவலை. தீவு சின்னது. அது தாங்குகிற அளவைத் தாண்டிச் சம்பாதித்தால் தொழிலின் முதலையே தின்கிறோம் என்று அர்த்தம்.

அப்போ யார் செய்யணும்?

எதுவுமே செய்யாதே என்று சொல்லவில்லை. யார் செய்வது என்பதில்தான் என் சண்டை.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்து நிவாரணத்தை ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. 61ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு.

இப்போது காலண்டரை இன்னொரு தடவை பாருங்கள். ஏப்ரல் பின்பாதி, மே, ஜூன் முதல் வாரம். பள்ளி விடுமுறை! கடல் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிற அதே நாட்களில், கடலை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் கரையில் வேலையில்லாமல் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் பேசுகிற எந்த மேலாண்மை நிபுணரும் இந்த இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

வெளியூர் முதலாளிக்குப் படகு நின்றால் நஷ்டம். மீனவர் சங்கத்துக்கு அப்படியில்லை. காற்று மாறி விடுமுறைக் கூட்டம் வடிந்ததும் அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு தங்கள் வேலைக்குப் போவார்கள். சுற்றுலா அவர்களுக்கு இரண்டாவது வருமானம். வருடம் பூராவும் சம்பளம் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய நிலைச் செலவு அவர்களுக்கு இல்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்கு மேல் ஏற்றாமல் இருக்க அவர்களால் முடியும். நான் கேட்பது தர்மம் இல்லை, காஸ்ட் ஸ்ட்ரக்சர்.

கற்பனை இல்லை இது. அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிப் பக்கம் காரங்காடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும் கிடைக்கும். மாலத்தீவுப் படம் போட்டுக் காட்ட அங்கே எதுவும் இல்லை. ஆனால் நடக்கிறது.

கட்டுப்பாடு அவர்களுக்குப் புதிதும் இல்லை. பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்கள், பாசி திரும்ப வளர வேண்டுமென்று மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பதென்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. "வருஷத்துக்கு எத்தனை நாள்" என்ற கேள்விக்கு 365 என்று எழுதாதவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள்.

உடனே, "மீனவர்னா எல்லாம் சரியாயிடுமா? பழவேற்காட்டில் கவிழ்ந்தது யார் படகு?" என்று மடக்கலாம். சரியான மடக்கு. கடல் தெரிவது ஒன்று, பயணியைக் காப்பது இன்னொன்று. மீனை ஏற்றுகிற படகு மனிதரை ஏற்றத் தயாரானதல்ல. படகுப் பதிவு, ஆய்வு, ஆளுக்கொரு ஜாக்கெட், இருட்டினால் நிறுத்தம் எல்லாம் அவர்களுக்கும் கட்டாயம். கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. படகு ஓட்டவும் உயிர்காக்கவும் சான்றிதழ்ப் பயிற்சி தருகிறார்கள். அரசு மானியம் தருவதாக இருந்தால் என்னைப் போன்றவனுக்கு ஜெட் ஸ்கி வாங்கத் தர வேண்டாம். பாம்பன், ஓலைக்குடா பையன்கள் ஐம்பது பேரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பட்டும்.

அப்போ பி.காம். படித்த நமக்கு வேலை? நிறைய இருக்கிறது. சங்கத்துக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். ஜி.எஸ்.டி. கட்ட, இன்சூரன்ஸ் வாங்க, ஆன்லைனில் முன்பதிவு எடுக்க, இந்திக்காரருக்குப் பதில் சொல்ல, லாபத்தைப் பங்கு போட்டு ஊர் நடுவில் வாசிக்க ஆள் வேண்டும். சம்பளத்துக்குப் போகலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதலாளி ஆவது மட்டும்தான் தொழில்முனைவு என்று யார் சொன்னது?

மலைக்காரன் இதில் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போய்ப் பாருங்கள். பல விடுதிகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கீழேயிருந்து வந்தவர், பாத்திரம் கழுவுகிறவர் மலைக்காரர். "சுற்றுலா வந்தால் உள்ளூர் வளரும்" என்ற வாசகம் அங்கேயும் பலகையில் இருக்கிறது. மிளகு விளைவித்தவர் சந்தையில் விலை கேட்டு நிற்பது போல, கடலை அறிந்தவர் கடற்கரையில் வேலை கேட்டு நிற்கிற நாள் ராமேஸ்வரத்துக்கு வரக்கூடாது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்ட அந்த இரண்டு நண்பர்களுக்கும் ஒரு சவால். பாம்பனுக்கு ஒரு தடவை போங்கள். ஜெட் ஸ்கி விலை விசாரிக்க வேண்டாம். கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கிற ஒரு பெரியவரிடம், "ஐயா, வருஷத்துல எத்தனை நாள் சின்னப் பிள்ளைகளைப் படகுல நம்பி ஏத்துவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிற எண்ணை எக்செல் ஷீட்டில் 365 இருக்கிற கட்டத்தில் போடுங்கள். அதற்குப் பிறகும் லாபம் வந்தால் சொல்லுங்கள், கணக்கு எழுத நானே வருகிறேன்.

டிஸ்கி: "நீ முன்னேறவும் மாட்டே, முன்னேறுகிறவனையும் விடமாட்டே" என்று திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். கூடவே உங்கள் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள் :-)